பூச்சி கண்ட தொட்டி மண்: கொட்டுவதா, மூடி வேகவைப்பதா, வேப்பம் புண்ணாக்கு போடுவதா?

மாடித் தோட்டத்தில் ஒரு பருவம் பூச்சியால் வீணாகிவிட்டால் செடியைப் பிடுங்கி எறிந்துவிடலாம். மண்ணை அப்படி எறிய மனமும் வராது, வசதியும் இருக்காது. ஒரு குரோபேக்கில் 15 கிலோ மண் என்று வைத்தாலும், 20 பை உள்ள வீட்டில் 300 கிலோ சேர்ந்துவிடுகிறது. அதை இறக்கிக் கொட்டிவிட்டு அதே அளவு புது மண்ணை மூன்றாம் மாடிக்கு ஏற்றுவது லேசான வேலை இல்லை. சரி, அதே மண்ணில் மறுபடி நடலாம் என்றால், அடுத்த செடிக்கும் அதே கதி வருமோ என்ற பயம்.

விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வெயிலில் காயப்போடு என்பார் ஒருவர். கொதிக்கிற தண்ணீரை ஊற்று, வேப்பம் புண்ணாக்கு கல, குருணை மருந்து (குருணை வடிவப் பூச்சிக்கொல்லி) தூவு, பேசாமல் கொட்டிவிடு என்று ஆலோசனை நீளும். குருணை மருந்தைத் தவிர மற்ற ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிற இடம் ஒன்று உண்டு. அந்த இடம் எது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வெயிலில் மாடி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மண்ணைக் கொட்ட வேண்டியதில்லை. ஈரப்படுத்தி, நிறமில்லாத பாலித்தீன் ஷீட்டால் மூடி, கோடை வெயிலில் வேகவிடுவதே முதல் தேர்வு. பாக்டீரியா வாடல் வந்த மண் மட்டும் விதிவிலக்கு. ஆனால் சில மண்ணுக்கு இந்த வைத்தியம்கூடத் தேவைப்படாது, வருடத்தின் சில மாதங்களில் இந்த வைத்தியம் செல்லாது. அதனால் மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், மண்ணுக்குள் யார் இருந்தார்கள்?

இதைப் பார்க்காமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது. செடி செத்ததுமே மண்ணின் மேல் பழி போடுகிறோம். பல நேரம் மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

அசுவினி, வெள்ளை ஈ, செம்பேன் மூன்றும் இலையில் வாழ்ந்து இலையில் பெருகுகிறவை. செடியை அகற்றிவிட்டால் மண்ணில் அவற்றுக்கு வேலை இல்லை. வெண்டையில் வரும் மஞ்சள் நரம்புத் தேமலும், தக்காளியில் வரும் இலைச்சுருட்டு வைரஸும் வெள்ளை ஈ மூலம் பரவுகிறவை. அந்தச் செடிகள் நின்ற மண்ணைத் தாராளமாக மறுபடி பயன்படுத்தலாம். உதிர்ந்த இலையையும் காய்ந்த தண்டையும் பொறுக்கி எடுத்துவிட்டு, கொஞ்சம் தொழு உரம் சேர்த்தால் போதும். தேமல் வந்த வெண்டைக்காக மண்ணையே மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இரண்டாவது கூட்டம், வாழ்க்கையின் ஒரு பகுதியை மட்டும் மண்ணில் கழிக்கிறவை. பாகல், புடலை, பீர்க்கனைக் கெடுக்கும் பழ ஈயின் புழு, காயை விட்டு விழுந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது. இலைப்பேனும், இலையில் வெள்ளைக் கோடு போடும் இலைத்துளைப்பானும், தக்காளிக் காய்ப்புழுவும் அப்படியே. மேல் மண்ணில்தான் இவை இருக்கும். மண்ணைக் கொட்டிப் பரப்பி, நல்ல வெயிலில் தினமும் கிளறிவிட்டாலே பெரும்பாலும் முடிந்துவிடும். மைனாவும் தவிட்டுக்குருவியும் வந்து மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது, வேரிலேயே குடியிருப்பவை. வேர் மாவுப்பூச்சி இதில் ஒன்று. தொட்டியைக் கவிழ்த்து மண்கட்டியை உருவினால், வேரிலும் தொட்டியின் உள்சுவரிலும் வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும். பக்கத்தில் எறும்பு நடமாட்டம் இருக்கும், ஏனென்றால் அது சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பே அதைச் செடிக்குச் செடி தூக்கிக்கொண்டு போகும். அடுத்தது, ஆங்கில 'சி' வடிவில் சுருண்டு கிடக்கும் பருத்த வெள்ளைப் புழு. இதில் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். சரியாக மட்காத சாணத்தோடு வந்து சேரும் மிகப் பெரிய புழு பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. அது மட்கும் பொருளைத் தின்னுமே தவிர, உயிருள்ள வேரைத் தேடிப் போவதில்லை. வளர்ந்து வண்டானபின் தென்னைக்குத்தான் எமன். வேரைக் கடிக்கிற வேர்ப்புழு வேறு வண்டினத்தின் புழு. எதுவானாலும் கண்ணுக்குத் தெரிகிற அளவு என்பதால், மண்ணைச் சலித்துப் பொறுக்கிவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாமல் பாடாய்ப்படுத்துவது வேர்முடிச்சு நூற்புழு. செடி வளர்ச்சி குன்றும், உச்சி வெயிலில் துவளும், மாலையில் தேறும், எவ்வளவு உரம் போட்டாலும் மஞ்சளாகவே நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்கக் கரணை கரணையாக வீங்கியிருக்கும். தக்காளி, கத்தரி, வெண்டை, வெள்ளரி, பாகல் என்று அது விடாத காய்கறி குறைவு. ஒரு பெண் நூற்புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். நம் ஊர் வெப்பத்தில் கிட்டத்தட்ட ஒரு மாதத்திலேயே ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். அவரையிலும் தட்டைப்பயறிலும் வேரில் உருண்டை கண்டால் உடனே பதறக் கூடாது. தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நல்ல வேர்முண்டு பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும், நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, தேய்த்தால் உதிராது.

கடைசியாக வாடல் நோய்கள். இவை பூச்சி இல்லை என்றாலும், நூற்புழு துளைத்த வேரில் இவை எளிதாக நுழைவதால் சேர்த்தே பேச வேண்டும். பூஞ்சை வாடலில் அடி இலை மஞ்சளாகி மெதுவாக மேலேறும். பாக்டீரியா வாடலில் செடி பச்சையாகவே இருக்கும்போது திடீரென்று தொங்கிப்போகும். சந்தேகம் வந்தால் அடித்தண்டை ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து, வெட்டுவாய் நீரில் படும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால்போல் நூல் நூலாக இறங்கினால் அது பாக்டீரியா.

கொட்டிவிட்டுப் புது மண் வாங்குவது

மனசுக்கு நிம்மதி தருவது இந்த வழிதான். ஆனால் அந்த நிம்மதிக்கு ஆதாரம் குறைவு. புதிதாக வரும் செம்மண் எந்தத் தோட்டத்து மேல் மண் என்று நமக்குத் தெரியாது. கத்தரியும் தக்காளியும் விளைந்த நிலத்து மண் என்றால் நூற்புழு அதோடேயே ஏறி வரும். நர்சரியில் வாங்கும் நாற்றின் வேர்மண்ணிலும் வரும். மட்காத சாணம் வாங்கினால் வண்டுப் புழு இலவசம். தென்னை நார்க் கழிவுக் கட்டி இந்த விஷயத்தில் மண்ணைவிடப் பாதுகாப்பானது. ஆனால் உப்பு போக அலசாமல் அதை மட்டும் நிரப்பினால் வேறு சிக்கல் வரும்.

பழைய மண்ணை எங்கே கொட்டுவது என்பது இன்னொரு கேள்வி. பக்கத்துக் காலி மனையிலோ தெருமுனைப் பூங்காவிலோ கொட்டினால் மழைநீரோடு நூற்புழு அடுத்தவர் தோட்டத்துக்குப் போகும். அது நியாயமில்லை.

பாக்டீரியா வாடல் உறுதியானால் மட்டும் நான் கொட்டச் சொல்வேன். வெயிலில் வேகவைத்தால் அந்தக் கிருமியும் சாகும்தான். ஆனால் சூடு எட்டாத ஒரு கட்டியில் மிஞ்சினாலும் பாசன நீரோடு பரவிவிடும். தக்காளி, கத்தரி, மிளகாயோடு நில்லாமல் இஞ்சியையும் வாழையையும் தாக்கும் வகைகளும் அதில் உண்டு. ஒன்றிரண்டு பை மண்ணுக்காக முழுத் தோட்டத்தையும் பணயம் வைக்க வேண்டாம். காய்கறி வளராத, தண்ணீர் வெளியே வழிந்தோடாத ஏதாவது பள்ளத்தை நிரப்ப அந்த மண்ணைக் கொடுத்துவிடுங்கள். பையைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

வெறுமனே காயப்போடுவது

செலவே இல்லாதது, எல்லோரும் செய்வது. கூட்டுப்புழு, மாவுப்பூச்சி, வேர்ப்புழு, ஈரக் கோகோபீட்டில் (தென்னை நார்க் கழிவில்) மொய்க்கும் சிறு கறுப்பு ஈக்களின் புழு ஆகியவற்றுக்கு இது போதும். மண்ணை நான்கு விரல் உயரத்துக்கு மேல் குவிக்காமல் பரப்பி, ஈரமே இல்லாமல் பொடியாகும்வரை கிளறிவிட வேண்டும்.

நூற்புழுவுக்கு இது போதாது. இளம்புழுக்களில் நிறைய சாகும். ஆனால் முட்டைகள் பிசின் போன்ற ஒரு பைக்குள், பெரும்பாலும் வேர்த்துண்டோடு ஒட்டிக் கிடப்பதால் வறட்சியைத் தாங்கிவிடும். மண் காய்ந்து பொலபொலவென்று ஆனதைப் பார்த்து சுத்தமாகிவிட்டது என்று நம்பி நட்டால், ஒரு மாதம் கழித்துத் திரும்ப முடிச்சு வரும். உலர்ந்த சூட்டைவிட ஈரமான சூடு உயிர்களை எளிதில் கொல்லும். அடுத்த வழியின் பலமே அந்த ஈரத்தில்தான் இருக்கிறது.

மூடி வேகவைப்பது

சூரிய வெப்பமூட்டல் என்று வேளாண் துறையில் சொல்வது இதைத்தான். 1976-இல் இஸ்ரேலின் யாக்கோவ் கட்டானும் அவர் குழுவினரும் இதைப் பற்றி ஆய்வு வெளியிட்ட பிறகு உலகம் முழுக்கப் பரவிய முறை. வயலில் என்றால் ஈர நிலத்தை நிறமில்லாத பாலித்தீனால் மூடி நான்கு முதல் ஆறு வாரம் விடுவார்கள். தொட்டி மண்ணுக்கு இது இன்னும் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் வயலில் ஆழம் போகப்போகச் சூடு குறையும். மாடியில் நாம் மண்ணை மெல்லிசாகப் பரப்பிவிடலாம், அடியில் தளமும் கொதிக்கும்.

எவ்வளவு சூடு வேண்டும்? கலிபோர்னியாவில் நாற்றங்கால் தொட்டி மண்ணில் நூற்புழுவை ஒழிக்க ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு, மண் முழுவதும் 70 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் அல்லது 60 டிகிரியில் ஒரு மணி நேரம். அதற்குக் கீழே 45, 50 டிகிரி என்றாலும் நாள் கணக்கில் திரும்பத் திரும்பப் பட்டால் நூற்புழு சாகும், நேரம்தான் கூடும். அதனால்தான் ஒரே நாளில் முடிந்தது என்று ஷீட்டை எடுத்துவிடாமல் வாரக்கணக்கில் விடச் சொல்கிறார்கள்.

செய்முறையில் சறுக்குகிற இடங்கள் சில உண்டு. முதலில் வேர். பழைய வேரை முடிந்தவரை பொறுக்கி, கட்டியை உடைத்து, மண்ணைச் சலித்துவிடுங்கள். முட்டையில் பெரும்பகுதி வேரோடேயே போய்விடும். அந்த வேரை வீட்டு உரத்தொட்டியில் போடாதீர்கள். சமையலறைக் கழிவு மட்கும் சிறிய தொட்டியில் முட்டையைக் கொல்கிற அளவுக்குச் சூடு ஏறாது. கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். மண்புழு இருந்தால் பொறுக்கி, பூச்சி காணாத வேறு தொட்டியில் விடலாம். ஆனால் அதன் உடலோடு ஒட்டிய மண்ணைத் தண்ணீரில் அலசிவிட்டு விடுவது நல்லது.

அடுத்தது ஈரம். போர் தண்ணீர் ஊற்றி வந்த பைகளில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். இந்தச் சந்தர்ப்பத்தில் மழைநீரோ நல்ல தண்ணீரோ தாராளமாக ஊற்றி அலசி வடியவிட்டால் அந்தப் பிரச்சினையும் சேர்ந்து தீரும். வடிந்த பிறகு மண் புட்டுக்கு விரவிய மாவின் பதத்தில் இருக்க வேண்டும்: பிடித்தால் பிடியும், தட்டினால் உதிரும். சேறாக இருந்தால் தண்ணீரைச் சூடாக்குவதிலேயே வெயில் வீணாகும்.

மூன்றாவது ஷீட். கறுப்பு ஷீட்தான் அதிகம் சூடாகும் என்று பலர் நினைக்கிறார்கள். கறுப்பு ஷீட் தானே சூடாகிறது, அந்தச் சூட்டில் பாதியைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. நிறமில்லாத ஷீட் வெயிலை உள்ளே விட்டு மண்ணையே சூடாக்கி, வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. 50 மைக்ரான் அளவு, கடையில் 200 கேஜ் என்று கேட்டால் கிடைக்கும். கீழே ஒரு ஷீட், அதன் மேல் 10 செ.மீ. உயரத்துக்கு மண், அதை ஒட்டி இரண்டாவது ஷீட். அதற்கு மேல் செங்கல் வைத்து ஒரு சாண் இடைவெளி விட்டு மூன்றாவது ஷீட்டைக் கூடாரமாக இழுத்துக் கட்டினால் சூடு கணிசமாகக் கூடும். ஓரங்களில் காற்றுப் புகாமல் மணல் மூட்டையோ செங்கலோ வையுங்கள். ஒரு சிறு கிழிசல் இருந்தாலும் ராத்திரியோடு ஈரமும் சூடும் போய்விடும். பேக்கிங் டேப் போட்டு ஒட்டுங்கள்.

பாரத்தையும் யோசிக்க வேண்டும். ஈர மண்ணை 10 செ.மீ. பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு 130 கிலோவை நெருங்கும். வீட்டு மொட்டை மாடியை வடிவமைக்கும்போது சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுக்குத்தான் கூடுதல் பாரம் கணக்கில் எடுப்பார்கள். அதனால் தளத்தின் நடுவில் ஒரே இடத்தில் குவிக்காமல், கைப்பிடிச்சுவர் ஓரமாக, உத்தரம் ஓடும் பக்கமாக நீளவாக்கில் பரப்புங்கள். பழைய வீடு என்றால் தடிமனை இன்னும் குறைத்து இரண்டு தவணையாகச் செய்யலாம்.

சமையலுக்கு விற்கும் முள் வைத்த தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். மதியம் இரண்டு, மூன்று மணிக்கு மண்ணின் அடிப்பகுதியில் குத்திப் பாருங்கள். மேலே சூடாக இருப்பது கணக்கில்லை, மிகக் குளிர்ந்த இடம் எவ்வளவு என்பதுதான் கணக்கு. ஓரங்கள் எப்போதும் பின்தங்கும். வாரம் ஒரு முறை ஓர மண்ணை நடுவுக்கும் நடுமண்ணை ஓரத்துக்கும் மாற்றி மறுபடி மூடுங்கள். கோடையில் முழுதாக நான்கு வாரம் விட்டால் நான் அந்த மண்ணை நம்பி நடுவேன்.

காலம்தான் இதன் ஒரே பெரிய கட்டுப்பாடு. சென்னையில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் கடைசியில். கத்திரி வெயில் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28-ஐ ஒட்டி முடிகிறது. சித்திரை பிறந்ததும் மூடி, கத்திரி முடிந்ததும் திறந்தால் ஆடிப்பட்டத்துக்கு மண் தயாராகிவிடும். கடற்காற்று வந்து நமக்குக் குளுமையாக இருந்தாலும் ஷீட்டுக்குள் வெயில் வேலை செய்துகொண்டே இருக்கும். ஊட்டி, கொடைக்கானலில் இதை நம்பாதீர்கள். ஜூன் தொடங்கியதும் மேகம் போடும் கன்னியாகுமரி, கோவை மேற்குப் பகுதிக்காரர்கள் மே மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

கொதிநீரும் நீராவியும்

கொதிநீரை நேரே ஊற்றுவது எனக்கு ஒப்பாது. மேல் மண் வெந்துவிடும். அதன்பின் தண்ணீர் கிடைத்த இடுக்கு வழியே சூட்டோடு வடிந்து அடித்துளையில் வெளியேறும். கட்டிகளின் உள்ளே எதுவும் நடந்திருக்காது, மண் மட்டும் இறுகிப்போகும். எறும்புப் புற்றுக்கு வேண்டுமானால் ஊற்றலாம்.

நீராவி அப்படியில்லை. இருக்கிற வழிகளிலேயே உறுதியானது அதுதான். பழைய அண்டாவில் கொஞ்சம் தண்ணீர் வைத்து, மேலே துளைத்தட்டு போட்டு, ஈர மண்ணைச் சாக்குப்பையில் தளர்வாகக் கட்டி வைத்து மூடி வேகவைக்க வேண்டும். மண்ணின் நடுவே 70 டிகிரி வந்த பிறகு அரை மணி நேரம். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் மண்ணின் நடுவில் ஓர் உருளைக்கிழங்கைப் புதைத்து வைத்து, அது வெந்தால் மண்ணும் வெந்தது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 85 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் விட்டால் அம்மோனியாவும் மாங்கனீசும் கூடி இளம் வேரைச் சுட்டுவிடும். நாற்று விடும் முன் இரண்டு வாரம் ஆறவிட வேண்டும். அடுப்பங்கரையில் செய்யாதீர்கள், தொழு உரம் கலந்த மண் வேகும் நாற்றம் தாங்காது.

300 கிலோவை இப்படி வேகவைக்க எந்த வீட்டு கேஸுக்கும் கட்டுப்படியாகாது. நாற்று விடும் குழித்தட்டுக்கு ஐந்தாறு கிலோ மண் வேண்டும் என்றால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. நாற்றிலேயே நூற்புழு ஏறிவிட்டால் பிறகு எதைச் செய்தும் பயனில்லை என்பதால், நாற்று மண்ணுக்கு இந்தச் சிரமம் தகும்.

வேப்பம் புண்ணாக்கும் நன்மை செய்யும் பூஞ்சைகளும்

வேப்பம் புண்ணாக்கை நான் பெரிதும் மதிக்கிறேன், ஆனால் அதன் வேலை வேறு. அது மண்ணைச் சுத்தம் செய்வதில்லை, பூச்சியின் கையைக் கட்டி வைக்கிறது. மட்கும்போது வெளிவரும் பொருள்கள் நூற்புழுவின் நடமாட்டத்தையும் முட்டை பொரிவதையும் குறைக்கும். வேர்ப்புழுவும் எறும்பும் ஒதுங்கும். செடிக்குத் தழைச்சத்தும் கிடைக்கும். ஒரு பைக்கு 50 முதல் 100 கிராம் போதும். போட்டதும் நடாமல் ஈரத்தோடு இரண்டு வாரம் விட வேண்டும், இல்லாவிட்டால் மட்கும் சூட்டில் நாற்று வாடும். எண்ணெய் முழுதாக எடுத்த பழைய புண்ணாக்கில் சரக்கு குறைவு. கசப்பு வாசம் மூக்கில் ஏறுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சை, செடிக்கு வரும் பூஞ்சை நோய்களுக்கு எதிரி. தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுக்கும் மாடித் தோட்டத் தொகுப்பிலேயே இதன் பாக்கெட் இருக்கும்; பலர் பிரிக்காமலே காலாவதியாக விட்டுவிடுகிறார்கள். நூற்புழுவின் முட்டையைத் தாக்கும் பூஞ்சை பேசிலோமைசிஸ் லிலாசினஸ் என்ற பெயரில் கிடைக்கிறது. வேர்ப்புழுவுக்கும் சாணத்து வண்டுப் புழுவுக்கும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சை. இவை எல்லாம் உயிருள்ளவை. வெயிலில் வைத்த பாக்கெட்டும் தேதி முடிந்த பாக்கெட்டும் வெறும் மாவுதான்.

வேர் முழுக்க முடிச்சாகக் கிடந்த மண்ணில் இவற்றை மட்டும் போட்டுவிட்டுத் தக்காளி நட்டால் பாதி விளைச்சலுக்குத்தான் நம்பிக்கை வைக்கலாம். வெயிலில் வேகவைத்த மண்ணில் போட்டால் கதை வேறு. சூடு கெட்டதோடு நல்லதையும் குறைத்திருக்கும். காலியான இடத்தில் எது முதலில் வருகிறதோ அது பரவும். நாற்றழுகல் பூஞ்சை முதலில் வந்தால் வெந்த மண்ணில் அது காட்டுத்தனமாகப் பெருகும். ஆகவே மண் ஆறிய கையோடு, நன்கு மட்கிய தொழு உரம் ஒரு கிலோவுக்கு 50 கிராம் ட்ரைக்கோடெர்மா கலந்து, ஈரத்துணி மூடி நிழலில் ஒரு வாரம் வைத்து, பிறகு மண்ணில் கலந்துவிடுங்கள். மண்புழு உரம் கால் பங்கு சேர்க்கலாம். கோகோபீட் மட்கி மண் தாழ்ந்திருந்தால் அதையும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். வெப்பமூட்டலா, வேப்பம் புண்ணாக்கா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை. ஒன்று முடிந்த இடத்தில் மற்றது தொடங்குகிறது.

குருணை மருந்து

உரக்கடையில் கேட்டால் எடுத்து நீட்டுவார்கள். ஃபோரேட் குருணை இந்தியாவில் 2020 டிசம்பர் இறுதியிலிருந்தே தடை செய்யப்பட்டது. கார்போஃபியூரான் போன்றவை வேர் வழியே செடிக்குள் ஏறி இலையிலும் காயிலும் நிற்பவை. இருபத்தைந்து நாளில் அறுக்கும் கீரையும், குழந்தை பறித்து அப்படியே வாயில் போடும் தக்காளியும் வளர்கிற பையில் அதற்கு இடமில்லை. பைக்கு அடியில் வடியும் தண்ணீர் மழைநீர்க் குழாயில் போய், பல வீடுகளில் நேரே கிணற்றில் இறங்குகிறது. குருணையைத் தானியம் என்று புறா கொத்தும். வீட்டில் காய்கறி வளர்க்கத் தொடங்கியதே விஷம் இல்லாமல் சாப்பிடத்தானே? இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் எடைபோட எனக்கு எதுவும் இல்லை.

மழைக்காலத்தில் மாட்டிக்கொண்டால்

ஐப்பசியில் செடியைப் பிடுங்கி முடிச்சைப் பார்த்தால் சித்திரை வர ஆறு மாதம் இருக்கும். அப்போது இரண்டு வழி. மண்ணைச் சலித்து, மழை படாமல் காயவைத்து, மூட்டை கட்டி, கோடை வரும்வரை ஒதுக்கி வைப்பது ஒன்று. மற்ற தொட்டிகளை விட்டுத் தள்ளி, தரையில் படாமல் வையுங்கள்.

இன்னொன்று, அந்த மண்ணிலேயே நூற்புழுவுக்குச் சோறு போடாத செடியை வளர்ப்பது. செண்டுமல்லி இதில் பேர்போனது. அதன் வேரில் நூற்புழுவைக் கொல்லும் பொருள் இருக்கிறது. ஆனால் தக்காளிக்குப் பக்கத்தில் ஒற்றைச் செண்டுமல்லி நட்டு வைப்பதால் பெரிய பலன் வராது. பை முழுக்க நெருக்கமாகச் செண்டுமல்லி மட்டுமே இரண்டு, மூன்று மாதம் நிற்க வேண்டும், நடுவில் தக்காளிக் கன்றோ, தானாக முளைத்த வேறு களையோ இருக்கக் கூடாது. கார்த்திகை, மார்கழியில் பூவும் கிடைக்கும். சணப்பு விதைத்து, பூக்கும் சமயம் வெட்டி மண்ணிலேயே மடக்கிவிடுவதும் நல்லது. பசுந்தாளாகச் சத்தும் சேரும். வேர் மாவுப்பூச்சி வந்த மண்ணுக்கு இந்த வழி பொருந்தாது. அதைக் காயவைத்து மூட்டை கட்டுவதே சரி, எறும்பு ஏறாத இடமாகப் பார்த்து.

எந்த வழியில் போனாலும், எல்லாப் பைகளிலும் ஒரே நாளில் நட்டுவிடாதீர்கள். தயாரான மண்ணில் ஒரு சிறு தொட்டி நிரப்பி, வேகவைத்த மண்ணில் வளர்த்த தக்காளி நாற்று இரண்டை அதில் வையுங்கள். ஐந்து வாரம் கழித்துப் பிடுங்கி, வாளித் தண்ணீரில் வேரை மெதுவாக அலசிப் பாருங்கள். வேர் நேராக, வெள்ளையாக, இழை இழையாக இருந்தால் அந்த மண்ணில் எதையும் நடலாம். பழைய தொட்டிகளை அதற்குள் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கி, வெயிலில் காயவைத்துவிடுங்கள். கொத்தையும் மண்வாரியையும் கூட. அங்கங்கே ஒன்றிரண்டு முடிச்சு தெரிந்தால் வேப்பம் புண்ணாக்கும் பேசிலோமைசிஸும் சேர்த்து, முதல் பருவத்துக்குச் செண்டுமல்லியை நட்டுவிடலாம். வேர் முழுக்க முடிச்சு என்றால் ஷீட்டின் ஓரத்தில் சூடு எட்டவில்லை என்று அர்த்தம். அந்த மண்ணை மட்டும் தனியாக வைத்து, அடுத்த கோடையில் தடிமனைப் பாதியாகக் குறைத்து மறுபடி மூடுங்கள்.